கோல் வித்தவர்

அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: கழகத் தலைவர் யோகராசா அண்ணை, பொருளாளர் சவுந்தரம் அண்ணை, அணித்தலைவன் ரமணன், விளையாட்டுக்காரரில் ஏழெட்டுப் பேர், தேத்தண்ணி ஊற்றத் தலைவரின் மனைவி, சுற்றுப்போட்டிகளில் ஒலிபெருக்கி பிடிக்கிறவன் என்ற உரிமையில் நான். வராதவர் ஒருவர். வராதவர் என்பதுகூடச் சரியில்லை, கூப்பிடப்படாதவர். கூட்டமே அவரைப் பற்றித்தான்.

கொலோனுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் சிறு நகரத்தில், தலைவரின் வீட்டு முன்னறையில், சோபா காணாமல் பாதிப்பேர் நிலத்தில் இருந்தபடி அது நடந்தது. கோடைச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்தில் ஹனோவர்க் கழகத்திடம் நாங்கள் தோற்று ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. கடைசி நிமிடத்தில் ஒரு தண்ட உதை. எங்கள் பந்துக் காப்பாளர் நின்ற இடத்திலேயே நின்றார். பந்து மூலையைத் தேடிப்போய் வலைக்குள் விழுந்தது. அவர் அசையவில்லை.

“மரம் மாதிரி நிண்டவன்,” என்றார் தலைவர். “என்ரை சின்ன மகளை விட்டிருந்தாலும் ஒருக்காப் பாய்ஞ்சிருப்பாள்.”

“ஹனோவர்ப் பொருளாளர் உவன்ரை ஊரவன்,” என்றார் சவுந்தரம் அண்ணை.

“முடிஞ்ச கையோட அவங்களோட நிண்டு கொத்துரொட்டி சாப்பிட்டவர். நான் என்ரை கண்ணால கண்டனான்,” என்றான் ரமணன்.

மூன்றும் உண்மைதான். மூன்றையும் சேர்த்துக் கட்டிய முடிச்சுத்தான் பொய். தலைவர் என் பக்கம் திரும்பி, “படிச்ச பெடியன், நீ என்ன சொல்லுறாய்?” என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான், அதற்கு மேல் போய் உயர்கல்லூரியிலும் இடம் கிடைத்திருந்தது. அதனால் எந்தக் கூட்டத்திலும் கடைசியில் என்னை ஒருதரம் கேட்பார்கள். கேட்டுவிட்டுத் தங்கள் பாட்டில் முடிவெடுப்பார்கள்.

“அவரையும் கூப்பிட்டுக் கேட்டால் நல்லது, அண்ணை.”

“கள்ளனைக் கூப்பிட்டு, ‘தம்பி, நீ கள்ளனோ’ எண்டு கேக்கிறதோ?”

எல்லாரும் சிரித்தார்கள். ஆட்டத்தை ஹனோவருக்கு விற்ற குற்றத்துக்காக அவர் கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். நானும் அவரும் ஒரே அறையில் குடியிருந்தபடியால் செய்தி சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயர் பட்ட பாடு போதும்.

நான் அறைக்குப் போனபோது அவர் மீன் குழம்பு கூட்டிக்கொண்டு நின்றார். முழுவதையும் கேட்டார். அகப்பை நிற்கவில்லை.

“ஆர் ஆர் இருந்தவை?”

சொன்னேன். அவர் பெயர்களை வரிசையாக ஒருதரம் திருப்பிச் சொன்னார், கடையில் வாங்கவேண்டிய சாமான்களை மறக்காமல் இருக்கச் சொல்லிப் பார்ப்பதுபோல.

“தேத்தண்ணி ஊத்தினது?”

“அக்கா.”

“அவவை விடு,” என்றார். பிறகு உப்புப் பார்த்தார்.

அவரை எனக்கு விளங்கியது அந்தத் தண்ட உதையைப் பற்றி அவர் ஒருமுறை சொன்னபோதுதான். கழகம் அவரை வெளியே போட்டுச் சில நாள் கழித்து, நானே வலியக் கேட்டேன். “அண்ணை, ஒருக்காச் சும்மா எண்டாலும் பாய்ஞ்சிருக்கலாம்தானே?”

“அவன் கால் வைச்ச விதத்திலயே தெரிஞ்சிட்டுது, எட்டாது எண்டு. எட்டாத பந்துக்குப் பாய்ஞ்சு விழுந்து, சேத்தைப் பூசிக்கொண்டு எழும்பிறது நாடகம். எனக்கு உந்த நாடகம் ஏலாது.”

“சனம் அதைத்தானே பாக்குது?”

“சனம் பாக்கட்டும். நான் பந்தைப் பாக்கிறன்.”

அவர் எதிலும் அப்படித்தான். பஸ் புறப்பட்டுவிட்டால் கைகாட்டி ஓடமாட்டார். தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது மற்றவர்கள் அலுவலக வாசலில் நின்று கெஞ்சினார்கள், இவர் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எட்டாது என்று தெரிந்ததை அப்படியே விட்டுவிடுவார். ஆனால் எட்டும் என்று தெரிந்தால் விடவேமாட்டார். அதற்காக எவ்வளவு காலமும் நிற்பார். பார்க்கிறவர்களுக்கு இரண்டு நிற்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அங்கேதான் ஆட்கள் ஏமாந்தார்கள்.

அகதி முகாமில் இருந்த காலத்தில் நடந்த ஒரு கதையை அவரோடு இருந்தவர்கள் எனக்குச் சொன்னார்கள். பொதுக் குளிர்பெட்டியில் இவர் வைத்திருந்த கோழிக்கறியை யாரோ எடுத்துத் தின்றுவிட்டான். இவர் சத்தம் போடவில்லை, ஒருவரையும் கேட்கவுமில்லை. ஆளைக் கண்டுபிடித்த பிறகும் அவனோடு பழையபடி சிரித்துக் கதைத்தார். விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர் இவர் என்பதால், அலுவல் இருக்கிறவர்கள் தங்களை எழுப்பிவிடச் சொல்லிவிட்டுப் படுப்பார்கள். மாதங்கள் கழிந்து, அந்தக் கறி தின்றவனுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் காலையில் டெர்மின், நேரம் குறித்துக் கொடுத்த சந்திப்பு. விசா நீட்டும் டெர்மின். “அண்ணை, மறக்காமல் எழுப்பிவிடுங்கோ,” என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் படுத்தான். இவர் எழும்பினார், குளித்தார், அவன் கட்டிலைக் கடந்து போனார்.

மத்தியானம் அவன் அழாக்குறையாக வந்து, “மறந்திட்டியளோ அண்ணை?” என்று கேட்டானாம்.

“இல்லை,” என்றாராம் இவர்.

அடுத்த டெர்மின் கிடைக்கும்வரை அவன் ஒவ்வொரு பொலிஸ் காரையும் கண்டு மதில் ஓரம் ஒதுங்கினான். இதைச் சொன்னவர்கள் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. ஒரு கோழிக்காலுக்கு அது கூடிய விலை என்று பட்டது. ஆனாலும் அன்றிரவு நான் அவரைக் கேட்காமல் அவருடைய தயிரைத் தொடவில்லை.

கழகத்திலிருந்து நீக்கியதோடு கதை நின்றிருந்தால் அவரும் அதை எட்டாத பந்துகளின் கணக்கில் விட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் ‘கோல் வித்தவன்’ என்ற பட்டம் எங்கள் நகரத்தில் நிற்கவில்லை. தமிழ்க் கடைகளில் மிளகாய்த்தூளோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனது. கொழும்பில் ஒரு லொட்ஜில் தாயோடு தங்கியிருந்த அவருடைய தங்கச்சிக்கு அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஸ்டுட்கார்ட்டில். சாதகம் பொருந்தி, படமும் பிடித்து, நாள் பார்க்கும் கட்டத்தில் மாப்பிள்ளையின் தமையன் தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“தம்பி, குறைநினைக்கப்படாது. அந்த ஹனோவர் ஆட்டக் கதை என்னமாதிரி?”

இவர் சொன்னார். அவர் கேட்டார். “ஓம், ஓம், விளங்குது,” என்றார். பிறகு அங்கேயிருந்து தொலைபேசி வரவில்லை. அடுத்து ஹனோவரிலிருந்தே வந்த ஒரு சம்பந்தம் அதே கேள்வியில் நின்றது. மூன்றாவது சம்பந்தத்தில் அவர்கள் கேட்கவே இல்லை. பேசாமல் விட்டுவிட்டார்கள்.

அந்த மூன்றாவதுக்குப் பிறகு அவர் கட்டிலில் மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னார்: “இதை ஆர் துவங்கினவையோ, அவையின்ரை வாயாலதான் முடியவேணும். ஒலிபெருக்கியில. சனம் நிக்கேக்கை.”

“என்னத்தைச் சொல்லவேணும், அண்ணை?”

“‘அவன் ஆட்டத்தை விக்கேல்லை.’ அவ்வளவுதான். வேற ஒண்டும் வேண்டாம்.”

அப்போது அவர் கட்டட வேலைக்கு மாறியிருந்தார். மதில் விழுந்து இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு எங்கு பார்த்தாலும் பாரந்தூக்கி நின்ற காலம் அது. அயர்லாந்திலிருந்து கூட்டம் கூட்டமாக வேலைக்கு வந்திருந்தார்கள். அவருடைய வேலைத்தலத்தில் பாதிப்பேர் ஐரிஷ்காரர். லொறியிலிருந்து செங்கல்லைக் கைக்குக் கை எறிந்து இறக்கும்போது இவர் கையிலிருந்து ஒன்றும் விழுவதில்லை என்பதை அவர்களுடைய பொலியர் கவனித்திருக்கிறான். பொலியர் என்றால் வேலைத்தலத்து மேற்பார்வைக்காரன். செம்பட்டைத் தாடியும் பீப்பாய் வயிறுமாக இருப்பான். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் நாட்டுப் பந்தாட்டம் ஒன்றை ஆடுவார்கள். காப்பாளன் கைமுறிந்து ஊருக்குப் போய்விட்டான். “நீ வா,” என்று அரைகுறை ஜெர்மனில் சொல்லிப் பொலியர் இவரை இழுத்துக்கொண்டு போனான்.

கேலிக் உதைபந்து என்று அதற்குப் பெயர். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம். நாலு எட்டுக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, நிலத்தில் குத்தவேண்டும் அல்லது காலில் தட்டி எடுக்கவேண்டும். கோல் கம்பங்கள் குறுக்குச் சட்டத்துக்கு மேலேயும் வானத்தை நோக்கி வளர்ந்திருக்கும். எங்கள் நகரத்து மைதானத்தில் அப்படிக் கம்பம் இல்லாததால் சாரக்கட்டுக் குழாய்களைக் கொண்டுவந்து சாதாரண கோல் கம்பத்தில் இறுக்கிக் கட்டினார்கள். சட்டத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. சட்டத்துக்கு மேலே, இரண்டு குழாய்க்கும் நடுவால் பறந்துபோனால் ஒரு புள்ளி. கோலுக்குப் பச்சைக் கொடி, புள்ளிக்கு வெள்ளைக் கொடி. கொடி பிடிக்கிறவர்கள் சாயம் பூசுகிறவர்களின் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு கம்பத்தடியில் நிற்பார்கள்.

முதல் ஆட்டம் முடிந்து வந்த அன்று அவர் சப்பாத்தைக் கழற்றாமல் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

“ஒரு பந்து எனக்கு மேலால போச்சுது. கொக்கு மாதிரி. நான் பாத்துக்கொண்டு நிண்டனான். பொலியர் வெளியில நிண்டு கத்துறான், என்னெண்டு கத்தினவன் தெரியுமோ? ‘கெட்டிக்காரன்! வீணாப் பாயேல்லை!’ எண்டு.”

ஒரு விஷயத்தை இரண்டாம்தரம் சொல்லாத மனிதர், அதை அன்று படுக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது சொன்னார், பல் துலக்கும்போது நுரையோடு வந்து சொன்னார். எங்கள் ஆட்கள் எதற்காக அவரைக் கள்ளன் என்றார்களோ அதற்காகவே அவர்கள் அவரைத் தோளில் தட்டினார்கள்.

அவர் அவர்களின் நிரந்தரக் காப்பாளரானார். லக்சம்பேர்க் வரைக்கும் போய் ஆடினார்கள். அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகத்தோடு, சிவத்த முகங்களுக்கு நடுவில் ஒரு கறுத்த முகமாக வான் வண்டியில் போய்வருவார். லக்சம்பேர்க்கில் ஒரு முன்வரிசைக்காரன், உயரப் பந்துக்கு எழும்பும்போது நடுவர் பார்க்காமல் இவர் காதில் குத்திவிட்டான். இவர் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் அதே ஆள் அதே மாதிரியான பந்துக்கு வந்தான். இவர் வெளியே ஓடிப் பந்தைச் சுத்தமாகப் பிடித்தார். மற்றவன் விலாவைப் பிடித்துக்கொண்டு உருண்டான். நடுவர் ஊதவில்லை.

“பந்துக்குத்தான் போனனான்,” என்றார் என்னிடம்.

“முழங்கால் பட்டதாமே?”

“முழங்காலைக் கழட்டி வைச்சிட்டோ பாயிறது?”

கழகம் அவரை நீக்கி இரண்டு கோடை கழிந்திருந்தது. மூன்றாவது சுற்றுப்போட்டிக்கு ஆயத்தக் கூட்டம் அதே முன்னறையில் நடந்துகொண்டிருந்தபோது, கதவு மணி அடித்தது. சுத்தமாகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேட்டோடு அவர் உள்ளே வந்தார். இருக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. நின்றபடி கதைத்தார்.

“உங்கட சுற்றுப்போட்டியில மத்தியானத்துக்குப் பிறகு ஒரு காட்சி ஆட்டம் வைப்பம். எங்கட ஐரிஷ் ஆக்களும் உங்கட ஆக்களும். எங்கட விளையாட்டு, எங்கட விதி. மைதானம் உங்கட. சனம் உங்கட. நடுவரும் நீங்கள் வழமையாப் பிடிக்கிற ஜெர்மன்காரனே நிக்கட்டும்.”

“கேலிக் பந்தோ, கேலிப் பந்தோ, அதுதானே?” என்றார் தலைவர். சிரிப்பு எழுந்தது. இவர் அது அடங்கும்வரை நின்றார்.

“நாங்கள் வெண்டால், நான் ஆட்டத்தை விக்கேல்லை எண்டு நீங்கள் ஒலிபெருக்கியில சொல்லவேணும்.”

“நாங்கள் வெண்டால்?”

“நான் வித்தனான் எண்டு நானே சொல்லுறன். எவ்வளவுக்கு வித்தனான் எண்டும் நீங்களே ஒரு தொகையைச் சொல்லித் தாங்கோ, அதையும் சொல்லுறன்.”

செய்யாத களவைத் தன் வாயால் சபையில் ஒப்புக்கொள்ள ஒருவர் பணயம் வைக்கிறார். தோற்றால் தங்கச்சியின் காரியம் அதோடு முடிந்தது. அங்கே இருந்த எல்லாருக்கும் அது தெரியும். ரமணன் தலைவரின் காதில் ஏதோ சொன்னான். அந்த ஐரிஷ்காரரை வேலைத்தலத்தில் எங்கள் பெடியள் பார்த்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு வயிறு. எங்கள் பெடியளோ இருபது வயதும் காற்றுமாக ஓடுகிறவர்கள்.

“சரி,” என்றார் தலைவர். “நீ எங்களைப் பிச்சைக்காரர் எண்டு நினைக்காதை. வெண்டால் உன்ரை ஆக்கள் முழுப்பேருக்கும் அண்டைக்குச் சாப்பாடு, குடிவகை எல்லாம் கழகத்தின்ரை கணக்கு. வேண்டிய மட்டும் குடிக்கட்டும்.” வெல்லப் போவதில்லை என்ற துணிவில் வந்த தாராளம் அது.

“விதியை விளங்கப்படுத்திறன், பத்து நிமிசம் கேளுங்கோ.”

“பந்து. ரெண்டு கம்பு. உன்னட்டைப் படிக்கிறதுக்கு அதில என்ன கிடக்கு?”

இவர் சேட்டுப் பையிலிருந்து விதிகளை ஜெர்மனில் தட்டச்சடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். அதன்மேல் பிறகு தேத்தண்ணியோடு கடிக்கிற ரோல்ஸ் தட்டு வைக்கப்பட்டது. நடுவருக்கு அனுப்பிய பிரதியை மட்டும் நடுவர் படித்திருந்தார். ஜெர்மன்காரர் அல்லவா, கடைசி வரிவரைக்கும் படித்திருந்தார்.

அன்று மைதானம் நிறைந்த சனம். ஹனோவர்க்காரர் ஒரு பஸ்ஸில் வந்திருந்தார்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்தும் ஆட்கள். கடைகளில் கொத்துரொட்டித் தகரம் டக டக என்று அடித்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி என் கையில்.

ஆட்டம் தொடங்கியதும் ஐரிஷ்காரன் ஒருவன் தூரத்தில் நின்று ஓங்கி அடித்தான். பந்து சட்டத்துக்கு மேலால் குழாய்களுக்கு நடுவில் பறந்துபோனது. வெள்ளைக் கொடி அசைந்தது.

“ஐரிஷ் அணிக்கு ஒரு புள்ளி,” என்று அறிவித்தேன்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. “டேய், கோல் கீழ கிடக்கடா!” என்று ஒரு குரல். “காகத்துக்கு அடிக்கிறான்!” என்று இன்னொன்று. தலைவர் என்னிடம் வந்து, “அதென்னடா புள்ளி?” என்று கேட்டார்.

“மேலால போனால் ஒரு புள்ளி, அண்ணை. கோலுக்கு மூண்டு. கடைசியில எல்லாத்தையும் கூட்டித்தான்—”

“ஓ, ஆறுதல் புள்ளி,” என்றார் தலைவர். எங்கள் ஆட்கள் நடத்தும் எந்தப் போட்டியிலும், பேச்சுப் போட்டியோ சாக்கோட்டமோ, தோற்ற பிள்ளைகள் அழாமல் இருக்க ஆறுதல் பரிசு கொடுப்பது வழக்கம். அவர் அதை அப்படியே விளங்கிக்கொண்டார். “பாவம், வந்த ஆக்கள். மரியாதைக்குச் சொல்லு, பரவாயில்லை.”

அந்தச் சொல் ஒரு நொடியில் மைதானத்தைச் சுற்றியது. அதன்பிறகு ஒவ்வொரு பந்தும் மேலால் போகும்போது பெடியள் ஒன்றாகச் சேர்ந்து, “ஆறுதல் புள்ளீ!” என்று கத்தினார்கள். எங்கள் அணியும் மேலே போகிற அடிகளைத் தடுக்கப் போகவில்லை. அடிக்கட்டும், அடிக்கட்டும் என்று கோலடியிலேயே குவிந்து நின்றார்கள். ஐரிஷ்காரர் ஆறுதலாக, சிகரெட் பற்றவைக்கிறவன்போல நிதானமாக, ஒவ்வொன்றாக மேலால் அனுப்பினார்கள்.

இடைவேளையில் தலைவரிடம் மறுபடி போய், “அண்ணை, அது ஆறுதல் இல்லை. கூட்டுவினம்,” என்றேன்.

“நீ அவன்ரை அறை ஆள். அவனுக்குத்தான் கதைப்பாய். போய் ஒலிபெருக்கியைப் பிடி.”

இரண்டாம் பாதியில் ரமணன் தனியே வெட்டிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் வந்தான். காலைத் தூக்கினான். பந்து இவருக்கு வலப்பக்கம், நிலத்தோடு, அவ்வளவு வேகமுமில்லாமல் போனது. இவர் நின்ற இடத்திலேயே நின்றார். கோல். பச்சைக் கொடி. மைதானம் வெடித்தது. “வித்திட்டான்! வித்திட்டான்!” என்று சனம் பாடியது. சிறிது நேரத்தில் அதேபோல இன்னொன்று. அதற்கும் அவர் அசையவில்லை. பந்தைப் பொறுக்கி எடுத்து வந்து வைத்து அடித்தார். அவருடைய முகத்தில் நான் பார்த்ததெல்லாம் ஒரு பொறுமை. அந்த முகாமில், விடியற்காலையில், ஒரு கட்டிலைக் கடந்துபோன முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

கடைசி விசில் ஊதியது. மேளம் முழங்கியது. ரமணனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். “ரெண்டுக்கு முட்டை! ரெண்டுக்கு முட்டை!” என்று சத்தம். இவரை நோக்கித் தலைவர் கைநீட்டி, “வா ராசா, வா! வந்து சொல்லு!” என்று கூப்பிட்டார். ஒலிபெருக்கியை என்னிடமிருந்து பறித்து இவர் பக்கம் நீட்டினார்.

இவர் நடந்து வந்தார். அவசரமில்லை. நடுவரும் வந்தார். ஒலிபெருக்கியை வாங்கியது நடுவர். சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, தெளிவான ஜெர்மனில் வாசித்தார். தமிழ் அணி, இரண்டு கோல், மொத்தம் ஆறு புள்ளி. ஐரிஷ் அணி, கோல் இல்லை, மொத்தம் பதினொரு புள்ளி. வெற்றி ஐரிஷ் அணிக்கு.

மேளக்காரன் விளங்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அடித்தான். பிறகு அதுவும் நின்றது.

தலைவர் நடுவரோடு மல்லுக்கட்டிப் பார்த்தார். நடுவர் விதித்தாளை விரித்து விரலால் காட்டினார். கழகம் பிடித்த நடுவர், கழகம் சம்மதித்த விதி. எங்கே போவது? தலைவர் ஒலிபெருக்கியை எடுத்து, “விளையாட்டெண்டால் வெற்றியும் வரும், தோல்வியும் வரும். வந்த அனைவருக்கும் நன்றி,” என்று சொல்லி, என் கையில் திணித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார்.

“தலைவர், ஒரு வசனம் மிச்சம்,” என்றார் இவர்.

“பேந்து பாப்பம்.”

“சரி,” என்றார் இவர். பொலியரிடம் போய் ஏதோ சொன்னார். அவ்வளவுதான். ஐரிஷ்காரர், அவர்களின் பெண்கள், பிள்ளைகள், பார்க்க வந்த கூட்டாளிகள் எல்லாரும் கடைகளுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். சாப்பாடு, குடிவகை கழகத்தின் கணக்கு. வாங்கியதைத் தூக்கிக்கொண்டு நேரே மைதானத்தின் ஒரே வாகன வாசலுக்குப் போய், பியர்ப் பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் வசதியாக இருந்துகொண்டு பாடத் தொடங்கினார்கள். அவர்கள் யாரையும் மறிக்கவில்லை. கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை. “விலத்துங்கோ” என்றால் சிரித்துக்கொண்டு கோழிக்கால் நீட்டினார்கள். ஆனால் ஒரு காரும் வெளியே போக ஏலாது. ஹனோவர் பஸ் இயந்திரத்தைப் போட்டபடி நின்றது. இவர் பஸ்ஸுக்கும் வாசலுக்கும் நடுவில், கையுறையைக் கழற்றாமல் நின்றார்.

கொத்துரொட்டி முடிந்தது. ரோல்ஸ் முடிந்தது. பியர் முடிந்தபோது பொலியர் பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பினான், சவுந்தரம் அண்ணைதான் பின்னால் ஓடிப்போய்க் காசு கட்டினார். கோடை வெயில் இறங்காமல் நின்றது. பிள்ளைகள் அழத் தொடங்கின.

“நாளைக்கு எனக்கு அஞ்சு மணிக்கு வேலை,” என்றார் ஒருவர்.

“ஒரு வசனத்தைச் சொல்லித் துலையுங்கோவன், யோகராசா அண்ணை!” என்று ஹனோவர் பஸ் யன்னலிலிருந்து ஒரு அக்கா கத்தினா.

“எனக்கு மானம் இல்லையோ?” என்றார் தலைவர்.

அதற்குப் பதில் சொன்னது அவருடைய மனைவி. “மற்றவனுக்கு இல்லாதது உங்களுக்கு மட்டும் எங்கையிருந்து வந்தது? போய்ச் சொல்லுங்கோ.”

தலைவர் மேடையில் ஏறினார். ஒலிபெருக்கியை நான் கொடுத்தேன். முணுமுணுத்தார்.

“கேக்கேல்லை,” என்றார் வாசலிலிருந்து இவர்.

மறுபடி சொன்னார்.

“ஆர் எண்டு சனத்துக்கு விளங்காது. முழுப்பேர், தேப்பன்ரை பேர், ஊர். எல்லாம் சேர்த்து.”

மூன்றாம்தரம், பெயரும் ஊரும் சேர்த்து, “ஆட்டத்தை விக்கேல்லை. நாங்கள்தான் பிழையாக் கதைச்சிட்டம்,” என்று தலைவர் சொன்னார். அவருடைய சின்ன மகள் மேடையின் கீழே நின்று தகப்பனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. இரண்டாம்தரத்தோடு விட்டிருக்கலாம் என்று அன்று நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு “ஓம், ஓம்” என்று மற்றப்பக்கம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த இவருடைய முகத்தையும் நான்தான் பார்த்தேன்.

ஐரிஷ்காரர் எழும்பிப் பெட்டிகளைத் தூக்கினார்கள். பஸ் போனது.

அறைக்கு நடந்து வரும்போது கேட்டேன். “அண்ணை, அந்த ரெண்டு கோலும்?”

“என்ன?”

“எட்டாததோ?”

கையுறை ஒன்றைக் கழற்றினார். “ஒம்பது புள்ளி கையில இருந்தது. ரெண்டு கோல் ஆறு. எட்டும், எட்டாது எண்டெல்லாம் நான் பாக்கேல்லை.” பிறகு சொன்னார்: “தலைவர் மேளத்துக்கு ஆடவேணும் எண்டு விரும்பினனான். ஆடினவன்தானே விழலாம்.”

ஆட்டத்தை விற்கவில்லை என்று ஊருக்கே அறிவித்த அந்த நாளில்தான் அவர் முதன்முதலாகக் கோல் விற்றார். இதை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

தங்கச்சிக்கு அடுத்த வருசம் பாரிஸில் சரிவந்தது. அந்த வீட்டுக்காரர் ஹனோவர்க் கதையைக் கேள்விப்பட்டிருந்தார்களோ இல்லையோ, கேட்கவில்லை. கட்டட வேலைகள் முடிந்து ஐரிஷ்காரர் கலைந்தபோது இவரும் பொலியரோடு வேறு நகரத்துக்குப் போனார். போகும்போது கழகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு அது முடிந்த விஷயம்.

கழகத்துக்கு முடியவில்லை. அந்தக் கோடையில் பெடியளுக்கு எடுக்கவிருந்த புதுச் சேட்டுகள் எடுக்கப்படவில்லை. அடுத்த கூட்டத்தில் சவுந்தரம் அண்ணை எழும்பி நின்று, தலைவரின் முகத்தைப் பார்க்காமல் வாசித்தார். கடைக்காரருக்குக் கட்டியது, பக்கத்துக் கடைப் பியர், சனம் இருந்து உடைந்த வாங்கு, நேரத்துக்கு மைதானத்தை விடாததற்கு நகரசபை போட்ட தண்டம். சும்மா சொல்லியிருக்கக்கூடிய ஒரு வசனத்துக்கு எல்லாமாகச் சேர்ந்து இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது மார்க்.